மூன்று ஆண்டுகளாகக் கடிதம் எழுதுகிறேன். அந்தச் சிறுமிக்கு நான் யார்?

நீர்க்கோலம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். உகாண்டாவில் வாழும் ஒரு சிறுமிக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக, மூன்று ஆண்டுகளாக ஸ்பான்சராக இருந்து வருகிறேன். சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது, இப்போது பத்து. மாதந்தோறும் பணம் தானாகவே கணக்கிலிருந்து போய்விடுகிறது. அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. என் கேள்வி பணத்தைப் பற்றியதன்று.

ஆண்டுக்கு மூன்று கடிதங்கள் அவளிடமிருந்து வருகின்றன. "அன்புள்ள ஸ்பான்சர், நலமா? நான் நலம். வீட்டில் அனைவரும் நலம். எனக்குப் பிடித்த பாடம் கணக்கு. உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பதுதான் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. ஒருமுறை மட்டும் கணக்கு என்ற இடத்தில் ஆங்கிலம் என்று மாறியிருந்தது. அந்த மாற்றத்துக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். நானோ பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அப்பா என்ன வேலை செய்கிறார், தம்பி பள்ளிக்குப் போகிறானா, பெரியவளானதும் என்ன ஆக விரும்புகிறாள், வீட்டுக்கு என்ன தேவைப்படுகிறது என்றெல்லாம் கேட்கிறேன். நான்கைந்து மாதம் கழித்து வரும் பதிலில் இவற்றில் ஒன்றுக்கும் விடை இருப்பதில்லை.

கடைசிக் கடிதத்தின் அடியில் ஒரு படம் வரைந்திருந்தாள். ஒரு வீடு, ஒரு மரம், வாசலில் ஒரு கோழி. வீடும் மரமும் வெறும் பென்சில் கோடுகள். கோழி மட்டும் அழுத்தமான நீல நிறம். கோட்டைத் தாண்டியும் நிறம் வழிந்திருந்தது. மூன்று ஆண்டுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே எனக்கு அனுப்பியது அந்தக் கோழி ஒன்றுதான் என்று தோன்றியது.

அவள் புகைப்படத்தின் பின்னணியில் தெரிந்த பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துப் பள்ளியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். முகநூலில் அந்தப் பள்ளிக்கு ஒரு பக்கமும் இருக்கிறது. அதன் வழியாக நேரடியாகத் தொடர்பு கொள்ளலாமா? குடும்பத்துக்கு ஒரு கைபேசி அனுப்பினால் பேசிக்கொள்ள முடியுமா? நேரில் போய்ப் பார்க்க முடியுமா? "கொடுத்ததோடு விட்டுவிடு, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காதே" என்கிறார் என் கணவர். ஒரு குழந்தையின் வாழ்க்கையில் ஒரு பெயராகவாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தவறா என்பதைத்தான் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்.

ஒற்றைப்பனை:

அம்மா, நான் அந்தக் கடிதங்களை எழுதிய பக்கத்திலிருந்து வருகிறவன். நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எனக்கு ஒரு வெளிநாட்டு ஸ்பான்சர் இருந்தார். எனவே "நான் நலம், ஜெபிக்கிறேன்" என்ற கடிதம் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் எழுதும் நாள் என்பது பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை மதியம். முப்பது பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்காருவோம். கரும்பலகையில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதப்பட்டிருக்கும். எதையும் கேட்டு எழுதாதீர்கள், நோய், சண்டை, கடன் எதையும் எழுதாதீர்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள் என்று எங்களைக் கவனித்துக்கொண்ட அக்கா சொல்லுவார். அவர் மேல் குற்றமில்லை; மாலைக்குள் முப்பது கடிதங்களையும் சரிபார்த்துக் கட்டி அனுப்ப வேண்டியவர் அவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகள் எழுதிக்கொடுப்போம். நான் ஒரே நாளில் ஐந்து பேருக்காக "எனக்குப் பிடித்த பாடம்" எழுதியிருக்கிறேன். உங்கள் சிறுமிக்குக் கணக்கு ஏன் ஆங்கிலமாக மாறியது என்றால், ஒருவேளை அன்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த பிள்ளை மாறியிருக்கலாம். இதைப் படித்து நீங்கள் வருந்தக் கூடாது என்பதற்காகவே அடுத்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விகளைப் பாருங்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று என் ஸ்பான்சரும் ஒருமுறை கேட்டார். என் அப்பா அப்போது வீட்டை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "அப்பா நலமாக இருக்கிறார்" என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் அல்ல, எங்கோ நலமாகத்தான் இருந்திருப்பார். ஆனால் அடுத்த நான்கைந்து ஆண்டுகளும் அந்த ஒரு வரியைக் காப்பாற்றிக்கொண்டே எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்கு என்ன தேவை என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. எதையும் கேட்கக் கூடாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். என்ன வேண்டும் என்று இன்னொருவர் கேட்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பேசாமல் கேள்வியைத் தாண்டிப் போய்விடும்.

என் ஸ்பான்சர் எனக்கு நெருக்கமானது அவருடைய நாயால். இடி இடித்தால் அந்த நாய் குளியலறைக்குள் ஓடிப் போய்த் துணிக்கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று ஒரு கடிதத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். எனக்கும் இடி என்றால் பயம். அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை, பையன்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம். ஆனால் அன்றிலிருந்து இடி இடிக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு நாயும் என்னோடு ஒளிந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். இன்னொரு முறை, "உன் வகுப்பறைச் சன்னல் வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டிருந்தார். மாதிரிக் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து அரைப்பக்கம் எழுதினேன். அக்காவே வியந்துபோனார்.

ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி போதும் அம்மா, அதுவும் அந்தப் பிள்ளை தன்னைச் சுற்றிப் பார்த்து விடை சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். உங்கள் வீட்டின் பெரிய கூடம், வண்டி இவை தெரியும் புகைப்படங்கள் வேண்டாம். நீளமாக எழுத வேண்டும் என்பதும் இல்லை, அடிக்கடி எழுதினால் போதும். என் வகுப்பில் ஒருவனுடைய ஸ்பான்சர் பணம் தவறாமல் அனுப்புவார், ஆனால் ஒரு வரி கூட எழுதியதில்லை. கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் நேரத்தில் அவன் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

நெடுவழி:

பதினைந்து ஆண்டுகளாக ஸ்பான்சராக இருக்கும் அனுபவத்தில், உங்கள் மூன்று நடைமுறைக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன்.

பள்ளியின் முகநூல் பக்கத்துக்குப் போகாதீர்கள். நிறுவனங்கள் குடும்பப் பெயரையும் ஊர் முகவரியையும் மறைப்பதும், இரு தரப்புக் கடிதங்களையும் பிரித்துப் படித்துத் தொலைபேசி எண், மின்னஞ்சல் போன்றவற்றை நீக்குவதும் வீண் கெடுபிடியன்று. நீங்கள் நல்லவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பலகையைப் பெரிதாக்கிப் பள்ளியைக் கண்டுபிடிக்கும் அதே வேலையைத் தீய நோக்கத்தோடு செய்யக்கூடியவர்களும் ஸ்பான்சராகச் சேர முடியும், விதி அவர்களுக்காகவே எழுதப்பட்டது. மறுபக்கமும் உண்டு. முகவரி கிடைத்துவிட்டால், உறவினர் எவராவது அந்தக் குழந்தையின் பெயரில் உங்களிடம் பணம் கேட்டு எழுதத் தொடங்கலாம். பழியும் கூச்சமும் குழந்தைக்குத்தான். நேரடித் தொடர்பு தெரியவந்தால் ஸ்பான்சர் உறவையே முடித்துவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. உண்மையில், அந்தப் பலகை புகைப்படத்தில் தெரிகிறது என்பதை நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதே நீங்கள் அந்தச் சிறுமிக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம்.

கைபேசியும் வேண்டாம். பொட்டலங்கள் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும் அல்லது வழியில் காணாமல் போகும். போய்ச் சேர்ந்தாலும் முப்பது பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுக்கு மட்டும் கைபேசி வந்தால் மற்ற இருபத்தொன்பது வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பரிசு தர விரும்பினால் நிறுவனத்தின் வழியாகப் பணமாகத் தரலாம். பல நிறுவனங்கள் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. கடித உறைக்குள் தட்டையாக அடங்கும் ஸ்டிக்கர், படஅட்டை, வண்ணத்தாள் போன்றவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

நேரில் போகலாம். ஆனால் பல வாரங்கள், சில நிறுவனங்களில் மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், சந்திப்பு முழுவதும் ஊழியர் ஒருவர் உடன் இருப்பார். நான் பிலிப்பைன்ஸில் ஒரு சிறுவனைப் பார்க்கப் போனபோது முதல் ஒரு மணி நேரம் அவன் தாயின் முதுகுக்குப் பின்னால் இருந்து வெளியே வரவில்லை. நான் பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையில் இருந்து எடுக்கவே இல்லை. கை சும்மா இராமல் அதைக் காகிதக் கப்பலாக மடித்தேன். எட்டிப் பார்த்தவன், வெளியே வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி முழுவதும் பிரித்து, வேறு மாதிரி மடித்துத் திருப்பித் தந்தான். அவனுடையதுதான் நல்ல கப்பல். பிறகு இரண்டு மணி நேரம் மடித்துக்கொண்டிருந்தோம், மொழிபெயர்ப்பாளர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கடிதங்களைப் பற்றி ஒற்றைப்பனை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் எழுதுவது நாட்டு அலுவலகத்துக்குப் போய், அங்கே லுகாண்டா, அச்சோலி போன்ற ஏதோ ஒரு மொழியில் மாற்றப்பட்டு, கள ஊழியர் கையில் ஊருக்குப் போய், அதே வழியில் பதில் திரும்பி வர வேண்டும். அதற்குள் நீங்கள் இன்னொரு கடிதம் எழுதியிருப்பீர்கள். இரண்டும் வழியில் குறுக்கே கடந்துவிடும், அவள் முதல் கடிதத்துக்குச் சொன்ன விடையை இரண்டாம் கடிதத்துக்கு வந்த மௌனமாக நீங்கள் படிப்பீர்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தேதியும் எண்ணும் போட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் சிறியனவாக இருந்தால் மொழிபெயர்ப்பில் சிதையாது. உகாண்டாவில் கல்வியாண்டு பிப்ரவரியை ஒட்டித் தொடங்கி ஆண்டு இறுதியில் முடிகிறது, தொடக்கக் கல்வி ஏழு ஆண்டுகள், அதன் முடிவில் நாடு தழுவிய ஒரு தேர்வு. இதைத் தெரிந்துகொண்டு, ஏழாம் வகுப்பில் அவள் அந்தத் தேர்வுக்கு உட்காரும் சமயத்தில் ஒரு வாழ்த்து போய்ச் சேரும்படி எழுதினீர்கள் என்றால், தன் நாட்களை யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரியும்.

விரும்பாத ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னுடைய முதல் குழந்தை எத்தியோப்பியாவில் இருந்தாள். ஆறு ஆண்டுகள் கழித்து, குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது, அத்துடன் இந்த உறவு முடிகிறது என்று ஒரு கடிதம் வந்தது. அதே உறைக்குள் வேறொரு குழந்தையின் புகைப்படமும் இருந்தது. அந்தப் புகைப்படத்தை மூன்று மாதம் நான் எடுத்துப் பார்க்கவில்லை. உறவு முடியும்போது கடைசியாக ஒரு கடிதம் அனுப்ப வாய்ப்பு உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

உரைகல்:

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் உறவு என்ற சொல்லைப் பயன்படுத்தும் முன்பு, இந்த ஏற்பாடு எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கொடையாளருக்கு ஒரு குழந்தை, ஒரு புகைப்படம், கடிதப் போக்குவரத்து என்ற வடிவத்தை 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் நடுவே ஓர் அமைப்பு முன்னெடுத்தது. ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளரும் எரிக் மக்கரிட்ஜும் தொடங்கிய அந்த அமைப்புதான் இன்றைய பிளான் இன்டர்நேஷனல். கொரியப் போரின் அநாதைகளுக்காக 1952-இல் தொடங்கிய கம்பேஷன் அமைப்பும், 1953 முதல் வேர்ல்டு விஷனும் இதே வழியைக் கைக்கொண்டன. ஒரு முகத்தைக் காட்டினால் மக்கள் கொடுப்பார்கள், மாதாமாதம் தொடர்ந்து கொடுப்பார்கள் என்பதே இதன் அடிப்படை. பல அமைப்புகளில் உங்கள் பணம் அந்த ஒரு குழந்தைக்கு நேரே போவதில்லை. ஊரின் குடிநீர், பள்ளி, மருத்துவம் என்ற பொதுப்பணிக்குப் போகிறது. அது நல்லதுதான். ஆனால் அப்போது அந்தச் சிறுமி உங்கள் குழந்தை அல்ல, அந்த ஊரின் முகம். நீங்கள் சேர்ந்திருக்கும் அமைப்பு எந்த வகை என்பதை ஆண்டறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1998-இல் சிகாகோ நகரின் நாளிதழ் ஒன்றின் நிருபர்கள் தாங்களே ஸ்பான்சர்களாகச் சேர்ந்து விசாரித்தபோது, மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்துபோன பிறகும் அவளிடமிருந்து வருவதுபோலக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தது வெளிப்பட்டது. கரும்பலகை மாதிரிக் கடிதத்தின் கடைசி எல்லை அது. அதன் பிறகு கண்காணிப்பு எவ்வளவோ இறுகியிருக்கிறது. இருந்தாலும், கடிதம் என்பது குழந்தையின் குரல் என்று முழுவதும் நம்பிவிட வேண்டாம்.

நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. புரூஸ் வைடிக், பால் கிளெவ்வி, லெய்ன் ரட்லெட்ஜ் ஆகிய மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியா, உகாண்டா, கென்யா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் 10,144 பேரைப் பற்றியது. கம்பேஷன் அமைப்பின் ஆதரவில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட 1.03 முதல் 1.46 ஆண்டுகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெரியவர்களானபின் கிடைத்த வேலையிலும் வேறுபாடு தெரிந்தது. ஆனால் அந்த அமைப்பில் பிள்ளைகள் வாரத்தில் பல மணி நேரம் ஒரு மையத்தில் செலவிடுகிறார்கள், அங்கே பாடமும் உணவும் மருத்துவமும் கிடைக்கின்றன. இவற்றில் கடிதத்தின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. படம் வரைவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதே ஆய்வாளர்களில் இருவர் பின்னர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் பிள்ளைகளைத் தங்களையே வரையச் சொல்லி, அந்தப் படங்களைக் கொண்டு அவர்களுடைய மனநிலையை மதிப்பிட்டார்கள். ஆதரவு பெற்ற பிள்ளைகளின் படங்களில் மகிழ்ச்சியும் நம்பிக்கையும் கூடுதலாகத் தெரிந்தன. நீலக் கோழிக்கு அதில் என்ன மதிப்பெண் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என்னுடைய மறுப்பு ஒன்றே ஒன்றுதான். நீங்கள் விரும்பினால் அடுத்த மாதமே விலகலாம். அவளால் உங்களை விட்டு விலக முடியாது, உங்களைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. 2019-இல் வேர்ல்டு விஷன், ஸ்பான்சர்களின் புகைப்படங்களை வரிசையாக மாட்டி வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையைத் தொடங்கியது. அது விளம்பரமும் கூடத்தான், ஆனாலும் பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்பதை ஒரு நாளாவது மாற்றி வைத்தது. அந்த வரிசையில் உங்கள் படமும் தொங்குவதாக வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை எழுதிப் பாருங்கள்.

ஒற்றைப்பனை:

உரைகல் அவர்களுக்கு: நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. விலக முடியாது என்பதை நாங்களும் அறிந்தே இருந்தோம். நன்றி சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அந்தச் சொல்லே கூச்சம் தந்தது. ஆனால் எழுதிக்கொடுத்த வரிகளுக்கு நடுவே எங்கள் வரியும் ஒன்றிரண்டு நுழைந்துவிடும். அதை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் பதில் எழுதுகிறவர் கிடைத்தால், அடுத்த முறை அந்த ஒரு வரி இரண்டாகும். என் ஸ்பான்சரின் கடிதங்கள் இருபத்திரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவர் இப்போது இருக்கிறாரா என்று கூட எனக்குத் தெரியாது. முகவரி எங்களுக்குத் தரப்படவில்லை. தராதது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீர்க்கோலம்:

எல்லோருக்கும் நன்றி. வைத்திருந்த நகல்களை எடுத்துப் பார்த்தேன். ஒரே கடிதத்தில் ஏழு கேள்விகள் கேட்டிருக்கிறேன், அதில் மூன்று அப்பாவைப் பற்றியவை. படித்துவிட்டுச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன். புகைப்படத்தில் தெரிந்த பலகையைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். படத்தை மாற்றுவதாகப் பதில் வந்தது. கைபேசி யோசனையைக் கைவிட்டேன். உரைகல் அவர்களின் ஆண்டறிக்கை அறிவுரையின்படி படித்ததில், என் பணம் பெரும்பாலும் ஊர்ப் பொதுப்பணிக்கே போகிறது என்று தெரிந்தது. முதலில் ஏமாற்றமாக இருந்தது, இப்போது இல்லை. அடுத்த கடிதத்தை எழுதியிருக்கிறேன். பத்து வரிகள்தான். கேள்வி ஒன்றே ஒன்று: கோழி ஏன் நீலமாக இருக்கிறது?

நீர்க்கோலம் (ஐந்து மாதங்களுக்குப் பிறகு):

பதில் வந்திருக்கிறது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். முதல் நான்கு வரிகள் வழக்கம்போல நலம், நலம், கணக்கு, ஜெபம். ஐந்தாவது வரியிலிருந்து எழுத்து சாய்ந்து பெரிதாகிவிட்டது, மொழிபெயர்ப்பாளரும் கீழே அப்படியே மாற்றிக் கொடுத்திருக்கிறார். "கோழி நீலம் இல்லை. அது பழுப்பு. அன்றைக்குப் பழுப்பு வண்ணக்குச்சி இன்னொரு பெண்ணிடம் இருந்தது, தரமாட்டேன் என்றாள். என்னிடம் நீலம்தான் இருந்தது. அந்தக் கோழி இப்போது இல்லை. அதன் குஞ்சுகளில் மூன்று இருக்கின்றன. உங்களிடம் கோழி இருக்கிறதா?"

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எங்களிடம் கோழி இல்லை. ஆனால் தினமும் சமையலறைச் சன்னலில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடுவழி அவர்களே, வண்ணக்குச்சி தட்டையான உறைக்குள் அடங்குமா, அல்லது நிறுவனத்திடம் கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறையா?

நெடுவழி:

உடைந்துவிடும், உறையும் கிழியும். அவளுடைய கடித நாளுக்கு மையத்தில் இன்னும் சில பெட்டி வண்ணக்குச்சிகள் வாங்கி வைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக. பழுப்பு நிறம் போதுமான அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.